கொக்கண்ணனோட கடவாப்பல்லு

இல்ல சார், அது பிராந்தி வாசனைதான். நான் இல்லேன்னு சொல்லவே இல்ல. வாட்ச்மேன் மூக்குல குத்தம் ஒண்ணும் கிடையாது. ஆனா கொக்கண்ணன் குடிச்சிருந்தாருன்னு எழுதியிருக்காரு பாருங்க, அங்கதான் தப்பு. வாசனை வந்ததுக்கும் குடிச்சதுக்கும் நடுவுல ஒரு பல்லு இருக்கு. அந்தப் பல்லப் பத்தி உங்க ஃபைல்ல ஒரு வரி கூட இல்ல. எட்டுப் பக்கம் இருக்கு, நானும் படிச்சேன். ரேக் எத்தன அடி ஒசரம், எத்தன பெட்டி ஐஸ்கிரீம் கீழ விழுந்துச்சு, வண்டி எந்தப் பக்கம் திரும்பி நின்னுச்சு, எல்லாம் இருக்கு. பல்லு இல்ல.

கோட்டக் கழட்டாதீங்க சார். இந்த ரூம் அப்படித்தான் இருக்கும். சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் ரெண்டாம் நம்பர் ஃப்ரீசர், மைனஸ் பதினெட்டு. தலைமை ஆபீஸ்லேர்ந்து யாரு வந்தாலும் முதல்ல கோட்டக் கழட்டுவாங்க, அஞ்சு நிமிஷத்துல திரும்பப் போட்டுக்குவாங்க.

லீவா? லீவு கேட்டாரா, கேக்கலையா... அதுக்கு வரேன். இருங்க. முதல்ல இத எழுதிக்கங்க, அப்புறம் அது.

நான் இங்க ஷிஃப்ட் இன்சார்ஜ். பதினோரு வருஷம் ஆச்சு. லாரி வந்தா சரக்கு ஏத்தறது, எறக்கறது, யாரு எங்க நிக்கணும், யாருக்கு எப்ப லீவு, எல்லாம் என் கையெழுத்துலதான் ஓடும். கொக்கண்ணன் எனக்கும் முன்னாடியே இங்க வந்தவரு. ஆமா, ஃபைல்ல இருக்கறது அவரோட நெசப் பேரு, அந்தப் பேரச் சொன்னா இங்க ஒருத்தருக்கும் தெரியாது. ஒசரமா, ஒல்லியா, நீட்டுக் கழுத்தா இருப்பாரு. ஒரே எடத்துல அசையாம நிப்பாரு. எவனோ கொக்குன்னு வச்சுட்டான், அவரும் கோவிச்சுக்கல. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவரு. முன்னாடி ரெண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கிட்டு இருக்குமே, பெட்டி அடுக்கத் தூக்கற வண்டி, அதான். பதினாலு வருஷத்துல ஒரு பெட்டி மூலைய நசுக்கினதில்ல சார் அந்த மனுஷன். முட்டைய அடுக்கி வச்சாக்கூட கொம்புல எடுத்து இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம் வச்சிடுவாரு. அவரு போய் ரேக்ல மோதிட்டாருன்னா, குடிச்சிருப்பாருன்னு நெனைக்கத் தோணுதா உங்களுக்கு? எனக்குத் தோணல. சாவப் போறாருன்னுதான் தோணுச்சு.

வரேன் சார், ஒழுங்கா முதல்லேர்ந்தே சொல்றேன்.

இங்க வேல எப்படின்னா, இருவது நிமிஷம் ஃப்ரீசர் உள்ள, பத்து நிமிஷம் வெளிய. வெளிய வந்ததும் என்ன பண்ணுவோம்? டீ. கொதிக்கக் கொதிக்க, சக்கரை தூக்கலா. அது இல்லாம ஒடம்பு மறுபடி உள்ள போகாது. அப்புறம் பாக்கெட்ல புதினா மிட்டாய். உள்ள இருக்கறப்போ வாய்ல ஏதாவது கரைஞ்சிக்கிட்டு இருந்தா குளிர் தெரியாதுன்னு ஒரு நம்பிக்கை. எல்லாருமே போடுவோம், ஆனா கொக்கண்ணன் மாதிரி யாரும் கிடையாது. எடது கன்னத்துல ஒண்ணு ஒதுக்கிக்கிட்டாருன்னா அது கரையறதுக்குள்ள அடுத்தது. அணிலு மாதிரி. காலைல எட்டு மணிலேர்ந்து சாயங்காலம் அஞ்சு வரைக்கும் அந்தக் கன்னம் காலியா இருந்து நான் பாத்ததில்ல.

இப்ப அவர சேத்திருக்கற ஆஸ்பத்திரில பல் டாக்டரம்மா கேட்டாங்க, எவ்வளவு சக்கரை சாப்புடுவாருன்னு. அவரு அப்படி ஒண்ணும் இனிப்பு சாப்புடற ஆளு இல்ல மேடம்னு நான் சொன்னேன். அப்புறம் இந்த மிட்டாய் கதையச் சொன்னதும் அவங்க தலைல கை வச்சுக்கிட்டாங்க. எவ்வளவுங்கறதவிட எத்தன தடவைங்கறதுதான் பெருசாம். ஒவ்வொரு தடவ இனிப்பு வாய்க்குள்ள போறப்பவும் அங்க இருக்கற கிருமி அதத் தின்னுட்டு புளிப்பா ஒண்ணக் கக்குமாம். அந்தப் புளிப்பு பல்ல மூடியிருக்கற கெட்டி ஓட்ட அரிக்கும். அரை மணி நேரம் வாய சும்மா விட்டா எச்சிலே அதச் சரி பண்ணிடுமாம். இவரு எங்க சார் விட்டாரு? அந்தப் பல்லுக்கு ஒம்பது மணி நேரத்துல ஒரு அரை மணி ஓய்வு குடுக்கல. வீட்டுக்குப் போனா சாப்பிட்ட கையோட படுக்கை. ராத்திரி பல்லு வெளக்கறதெல்லாம் சின்னப் புள்ளைங்க வேலைன்னு நெனச்சிருக்காரு. அண்ணிதான் சொன்னாங்க. அண்ணின்னா அவரு சம்சாரம்.

ரெண்டரை மாசம் முன்னாடி ஆரம்பிச்சுது. ஃப்ரீசர் கதவத் தொறந்து உள்ள போனதும் எடது கன்னத்தப் பிடிச்சுக்குவாரு. என்னண்ணேன்னு கேட்டா, குளிர் காத்து பட்டா சுள்ளுன்னு இழுக்குது, வெளிய வந்தா போயிடுதுன்னாரு. ஒரு மப்ளரக் கொண்டாந்து வாயச் சுத்திக் கட்டிக்கிட்டாரு. அவ்வளவுதான். வைத்தியம் முடிஞ்சுது.

அப்ப போயிருந்தா அரை மணி நேர வேலையாம் சார். டாக்டரம்மா சொல்றாங்க. அரிச்ச எடத்தச் சுரண்டிட்டு சிமெண்டு மாதிரி ஒண்ண வச்சு அடைச்சு, போய்ட்டு வாங்கன்னு அனுப்பியிருப்பாங்களாம். வலிக்காம இருக்க ஊசி வேற. அரை மணி நேரம். நாங்க லாரிக்கு சீல் வைக்கறதுக்கே அதவிட அதிக நேரம் ஆகும்.

ஆனா இங்க என்ன நடந்துச்சு? ஆளாளுக்கு டாக்டர் ஆயிட்டாங்க. பேக்கிங் அக்கா லவங்கம் குடுத்தாங்க, கடிச்சிக்கன்னு. லாரி டிரைவர் ஒருத்தர் பூண்ட நசுக்கி வைக்கச் சொன்னாரு. இந்த வாட்ச்மேன், உங்களுக்கு எழுதிக் குடுத்தாரே அதே வாட்ச்மேன்தான், தலைவலி மாத்திரைய முழுங்காத, பொடி பண்ணி ஈறுல அப்புன்னு சொன்னாரு. இவரும் அப்பினாரு. ரெண்டு நாள் கழிச்சு கன்னத்துக்கு உள்பக்கம் வெள்ளையா வெந்து போயிருக்கு. சோத்துக் கஞ்சில உப்பு பட்டாக்கூட எரியுதுன்னாரு. டாக்டரம்மா அந்தக் காயத்தோட தழும்ப எனக்குக் காட்டினாங்க. உப்புத் தண்ணில கொப்பளிச்சா பரவால்ல, லவங்கம் கொஞ்ச நேரம் மரத்துப் போக வைக்கும், அவ்வளவுதான், உள்ள இருக்கற ஓட்டைய லவங்கம் வந்து அடைக்குமான்னு கேட்டாங்க. மாத்திரைய வச்சாலும் சரி, சாராயத்த வச்சாலும் சரி, சதை வேகுமே தவிர பல்லுக்கு ஒண்ணும் ஆகாதாம்.

எனக்குக் கோவம் யார் மேலன்னு கேட்டா, எல்லார் மேலயும்தான். வாயிருக்கற ஒவ்வொருத்தரும் ஒரு வைத்தியம் சொன்னாங்க சார். போய்க் காட்டுய்யான்னு இங்க ஒருத்தர் சொல்லல.

ஏன் போகலையா? பயம் சார். நீங்க சிரிக்கறீங்க. மைனஸ் பதினெட்டுல, பனி படிஞ்ச தரைல, ஒண்ணரை டன்ன தலைக்கு மேல தூக்கிக்கிட்டு ரிவர்ஸ் வர்ற ஆளு, பல் டாக்டர்னு சொன்னா பேச்ச மாத்திடுவாரு. ஒரு தடவ டீ குடிக்கறப்போ சொன்னாரு. சின்ன வயசுல ஒரு கம்பவுண்டர் அவருக்குப் பல்லு புடுங்கினாராம். ஊசி இல்ல, ஒண்ணும் இல்ல. அவங்க சித்தப்பா முழங்கால் மேல ஏறி உக்காந்துக்கிட்டாராம். அந்தக் குறடு பல்லுல கிறீச்சுன்ன சத்தம் இன்னும் காதுல கேக்குதுன்னாரு. அதச் சொல்றப்பவே அவரு டம்ளர கீழ வச்சுட்டாரு.

அண்ணி விடல. ஒரு ஞாயித்துக்கிழமை வலுக்கட்டாயமா வீட்டுக்குப் பக்கத்துல இருக்கற பல் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கிட்டுப் போயிருக்காங்க. போனா ஞாயிறு விடுமுறைன்னு போர்டு, பூட்டு தொங்குது. அந்தப் பூட்டப் பாத்ததும் மனுஷன் முகத்துல அப்படி ஒரு சந்தோஷம்னு அண்ணி சொன்னாங்க. வர்ற வழில அண்ணிக்குப் பூ வாங்கிக் குடுத்தாராம். கல்யாணமாகி இருவது வருஷத்துல அவரா வாங்கிக் குடுத்த பூவு அது ஒண்ணுதானாம். அழுதுகிட்டே சொல்றாங்க, சிரிச்சுகிட்டே சொல்றாங்க.

அதையும் எழுதிக்கங்க. பல் ஆஸ்பத்திரி தொறக்கறது காலைல ஒம்பது, மூடறது அஞ்சு. நம்ம ஷிஃப்ட் எட்டுலேர்ந்து அஞ்சு. ஞாயித்துக்கிழமை அவங்களுக்கும் லீவு, நமக்கும் லீவு. இங்க வேல செய்யறவன் பல்லக் காட்டணும்னா வேலை நாள்ல லீவு போட்டாத்தான் முடியும். வேற வழி கிடையாது.

தெரியுது சார், நீங்க மறுபடி லீவுக்குத்தான் வர்றீங்க. இருங்க. முக்காவாசி சொல்லிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் திடீர்னு டீயத் துப்பிட்டாரு. கீழ வச்சுட்டு ரெண்டு கையாலயும் தாடையப் பிடிச்சுக்கிட்டு சுவத்துல சாஞ்சுட்டாரு. சூடு பட்டதும் உயிர் போற வலி. சுள்ளுன்னு வந்து போறதெல்லாம் இல்ல, வந்தா வந்ததுதான், ஒரு மணி நேரம் நின்னு குத்தும். அதுல பாருங்க ஒரு கூத்து. குளிரு ஒத்துக்காம மப்ளர் கட்டிக்கிட்டிருந்த ஆளு, இப்ப தானா ஃப்ரீசர் உள்ள ஓடறாரு. பத்து நிமிஷ ஓய்வுலயும் வெளிய வரமாட்டேங்கறாரு. உள்ள போய் மப்ளர அவுத்துட்டு, வாய ஆன்னு தொறந்து வச்சுக்கிட்டு நிக்கறாரு. குளிர் காத்து பட்டா வலி நிக்குதாம். நாங்க என்ன நெனச்சோம்? ஒடம்பு பழகிடுச்சு, சரியாயிடுச்சுன்னு நெனச்சோம். கண்ணாடி வழியா பாத்துட்டு நான் சிரிச்சேன் சார். கொக்கு மீனுக்குக் காத்திருக்குன்னு எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

டாக்டரம்மாகிட்ட இதச் சொன்னப்போ அவங்க சிரிக்கல. அதுதாம்மா கடைசி மணின்னாங்க. எனக்குப் புரியற மாதிரி சொன்னாங்க. பல்லுக்குள்ள சின்னதா ஒரு அறை இருக்காம், அதுல நரம்பு, ரத்தம் எல்லாம் ஓடுதாம். கையில அடிபட்டா வீங்கறதுக்கு எடம் இருக்கு, தோலு விரியும். பல்லுக்குள்ள எங்க விரியறது? நாலு பக்கமும் கல்லு. உள்ள சீழ் பிடிச்சு காத்து சேர்ந்துடுது, சூடு பட்டா அது விரியுது, எடம் இல்லாம நரம்ப நசுக்குது. குளிரு பட்டா கொஞ்சம் சுருங்குது, அப்பாடான்னு இருக்கு. அந்த அப்பாடாவுக்குத்தான் மனுஷன் ஃப்ரீசர்ல வாயத் தொறந்து நின்னிருக்காரு. அந்த நெலமைல கூட வந்திருந்தா பல்லக் காப்பாத்தியிருக்கலாமாம். நரம்ப எடுத்துட்டு, வேர சுத்தம் பண்ணி அடைச்சு, மேல ஒரு தொப்பி போட்டு. ரெண்டு மூணு தடவ வரணும், அவ்வளவுதான்.

அடுத்து வலி நின்னு போச்சு. சுத்தமா. ஒரு காலைல வந்தாரு, கன்னத்தத் தட்டிக் காட்டினாரு, ஒண்ணும் இல்லேங்கற மாதிரி கைய விரிச்சாரு. அந்தப் பக்கமே வச்சுக் கடிச்சு சாப்புட்டாரு. பேக்கிங் அக்காவுக்கு ஒரே பெருமை, லவங்கம் வேல செஞ்சுடுச்சுன்னு. நரம்பு செத்துப் போனதுனால வலி நின்னிருக்கு சார். நெருப்பு அணையல, மணி அடிக்கறவன் செத்துட்டான்னு சொன்னாங்க அந்தம்மா. ஒரு வாரம் அந்தச் சீழ் சத்தமில்லாம வேர் வழியா தாடைக்குள்ள எறங்கியிருக்கு.

திங்கக்கிழமை தாடைக்குக் கீழ லேசா ஒரு வீக்கம். செவ்வாக்கிழமை எலுமிச்சம்பழம் அளவு. புதன்கிழமை வாய ரெண்டு வெரலுக்கு மேல தொறக்க முடியல, சோத்தக் கரைச்சுக் குடிச்சிருக்காரு. அன்னைக்கு சாயங்காலம் அவரோட மச்சான் வந்து ஒரு சின்ன பாட்டில்ல பிராந்தி குடுத்துட்டுப் போயிருக்காரு. பஞ்சுல நனைச்சு பல்லுல வையுங்க மாமா, கிருமி செத்துடும்னு. இதான் சார் உங்க பிராந்தி. வியாழக்கிழமை காலைல வர்றப்பவே பஞ்ச வச்சுக்கிட்டு வந்திருக்காரு. மேல மப்ளரு. வேர்வை. காய்ச்சல். மப்ளர்ல வழிஞ்ச எச்சிலெல்லாம் பிராந்தி வாசனை.

பதினொண்ணு இருவதுக்கு சத்தம் கேட்டுச்சு. நான் ஓடினேன். மூணாவது ரேக் முழுசும் சரிஞ்சு கெடக்கு, ஐஸ்கிரீம் பெட்டி மலையா குமிஞ்சு கெடக்கு. நல்ல வேளை, அந்த வரிசைல நின்ன லோடுமேன் டேப் எடுக்க வெளிய வந்திருந்தாரு. கொக்கண்ணன் ஸ்டீயரிங் மேல கவுந்து கெடக்காரு. நிமித்தி மப்ளர அவுத்தேன். சார், அந்தக் கழுத்து... நீட்டுக் கழுத்துன்னு சொன்னேனே. கழுத்தே இல்ல. தாடைலேர்ந்து நெஞ்சு வரைக்கும் ஒரே பாளமா செவந்து, கல்லு மாதிரி. நாக்கு மேல தூக்கி அண்ணத்துல ஒட்டிக்கிட்டிருக்கு. எச்சில முழுங்க முடியல, வழியுது. மூச்சு விடறப்போ அறுக்கற ரம்பம் மாதிரி ஒரு சத்தம். வாட்ச்மேன் குனிஞ்சு மோந்து பாத்துட்டு, ஓவராப் போயிருக்குன்னாரு. நான் அவர அறைஞ்சுட்டேன். அதுவும் ஃபைல்ல இருக்கா? இருக்கட்டும். அறைஞ்சது நெசந்தான்.

ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கல. சரக்கு வேன் பின்னாடி உக்கார வச்சு நானே கூட்டிக்கிட்டுப் போனேன். படுக்க வச்சா மூச்சு நிக்குது, அதனால நேரா நிமித்திப் பிடிச்சுக்கிட்டே போனேன். பெரியாஸ்பத்திரில பாத்ததும் ஓட்டமா உள்ள தள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க. பல்லுல இருந்த சீழ் கழுத்துக்கு எறங்கி மூச்சுக் குழாய அடைச்சிருக்கு, இன்னும் ஒரு மணி நேரம் ஆயிருந்தா நீங்க பொணத்தத்தான் கொண்டாந்திருப்பீங்கன்னாங்க. தொண்டைல ஓட்டை போட்டு குழாய் வச்சு, கழுத்த ரெண்டு பக்கமும் கீறி சீழ எடுத்து, கடைசில அந்தப் பல்லப் புடுங்கியிருக்காங்க. ஒரு சின்ன டப்பால போட்டு அண்ணி கையில குடுத்தாங்க. இத்தனூண்டு சார். நடுவுல கருப்பா ஒரு குழி.

இந்தாங்க, இது ஆஸ்பத்திரி சீட்டு. ரத்தம் எடுத்து சோதிச்சிருக்காங்க. சாராயம் இல்லேன்னு எழுதியிருக்கு பாருங்க, கடைசிக்கு முந்தின வரி. ஆமா, ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன், நீங்க வச்சுக்கங்க. ஆக, குடிபோதைங்கறத அடிச்சிடுவீங்க இல்ல? அடிங்க. என் கண்ணு முன்னாடியே அடிங்க சார்.

இப்ப அவரு பரவால்ல. உயிருக்கு ஒண்ணும் இல்லேன்னுட்டாங்க. குழாய் இருக்கறதால பேச முடியல, ஒரு நோட்டுல எழுதிக் காட்டறாரு. கண்ணு முழிச்சதும் முதல்ல எழுதினது என்ன தெரியுமா? ரேக் யார் மேலயாவது விழுந்துச்சான்னு. இல்லேன்னதும்தான் மறுபடி கண்ண மூடினாரு. அண்ணி என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டாங்க. நீங்க இல்லேன்னா என் வீட்டுக்காரர் இல்ல, உங்க புள்ள குட்டி நல்லா இருக்கணும்னு சொல்றாங்க. தெனமும் போறேன். தெனமும் அதையே சொல்றாங்க. எனக்கு அந்த வார்டுக்குள்ள போகவே கால் வரமாட்டேங்குது.

நான் ஒண்ணு பண்ணியிருக்கேன், அதையும் சொல்லிடறேன். வெள்ளிக்கிழமைலேர்ந்து இங்க வேல செய்யற எல்லாரோட வாயையும் செல்ஃபோன் லைட்டு அடிச்சுப் பாத்துட்டேன். எனக்கு என்ன தெரியும், இருந்தாலும் பாத்தேன். கருப்பு தெரிஞ்சவங்க, குளிரு பட்டா கூசுதுன்னு சொன்னவங்க, மூணு பேர லீவு குடுத்து அனுப்பிட்டேன். வாட்ச்மேனும் ஒருத்தரு. மிட்டாய நிறுத்தியாச்சு. டீ குடிச்சா வாயக் கொப்பளிச்சுட்டுத்தான் உள்ள போகணும். ராத்திரி பல்லு வெளக்குனியான்னு காலைல நிக்க வச்சுக் கேக்கறேன். பின்னாடி என்னப் பத்திப் பேசிக்கறாங்க, பேசட்டும்.

என்ன சார்? குடி இல்லேன்னாலும்... ம்.

சரி. அதாவது, ஒடம்பு முடியலேன்னு தெரிஞ்சும் மேலதிகாரிக்குச் சொல்லாம வண்டிய எடுத்தது அவரு குத்தம். லீவு கேட்டதுக்கு ஃபைல்ல ஒரு துண்டுச் சீட்டு கூட இல்ல. அதனால வேலையும் கிடையாது, ஆஸ்பத்திரிச் செலவும் கம்பெனி ஏத்துக்காது. நேத்து நீங்களே நேர்ல போய்க் கேட்டீங்க, அவரும் நோட்டுல லீவு கேக்கலன்னு எழுதிக் குடுத்துட்டாரு. பாத்தேன். அவரு கையெழுத்துதான் அது.

அவரு வாயத் தொறந்து கேக்கலதான் சார். வாயத் தொறந்தா வலிக்கும்.

அந்த டிராயர இழுங்க. உங்க முழங்கால் பக்கம் இருக்கறது. பெட்டி கணக்கு எழுதற டேலி பேடு இருக்கும், அத எடுத்துட்டு அடியில பாருங்க. மூணு சீட்டு. தேதி எல்லாம் அவரே போட்டிருக்காரு. பல் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு நாள் விடுப்பு வேணும்னு எழுதியிருக்கும், மூணுலயும் ஒரே மாதிரிதான். அவ்வளவு பயந்த மனுஷன், மூணு தடவ மனசத் தேத்திக்கிட்டு எழுதியிருக்காரு. முதல் சீட்டு சுள்ளுன்னு இழுத்தப்போ. அடுத்த வாரம் பாக்கலாம்ணே, சீசன் நேரம், மாத்து டிரைவர் இல்லன்னேன். அவரு தலையாட்டிட்டுப் போனாரு, கொஞ்சம் சந்தோஷமாத்தான் போனாரு. ரெண்டாவது, டீயத் துப்பினதுக்கு மறுநாள். அன்னைக்கு ஃப்ரீசர்ல வாயத் தொறந்து நின்னாரே, அதப் பாத்துட்டு, ஒங்களுக்குத்தான் சரியாயிடுச்சேன்னு சிரிச்சு உள்ள போட்டுட்டேன். லாரி ஒரு மணி நேரம் லேட்டானா உங்க ஆபீஸ்லேர்ந்து எனக்கு லெட்டர் வரும் சார். இந்த வருஷம் ரெண்டு வந்தாச்சு. மூணாவது வந்தா நானும் வீட்டுக்குத்தான். அது ஒரு காரணமான்னு கேக்காதீங்க. அன்னைக்கு அது காரணமாத்தான் இருந்துச்சு.

கேக்கலன்னு அவரு ஏன் எழுதினாருன்னு எனக்குத் தெரியும். எனக்குப் புள்ளைங்க ரெண்டு பேரு, வீட்டுல சம்பாதிக்கறது நான் ஒருத்திதான். அவருக்கு அது தெரியும். அண்ணிக்குத்தான் இன்னும் ஒண்ணும் தெரியாது. இங்க முடிஞ்சதும் நேரா அவங்ககிட்டத்தான் போறேன்.

மூணாவது சீட்டு வியாழக்கிழமையோடது. காலைல எட்டே காலுக்கு மப்ளரோட வந்து இந்த மேஜைல வச்சாரு. பேசல, கழுத்தக் காட்டினாரு. லாரி வாசல்ல ஹாரன் அடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் நிமிர்ந்து பாக்கக்கூட இல்ல சார். இந்த ஒரு லோட மட்டும் ஏத்தி விட்டுட்டுப் போங்கண்ணே, பல்லு எங்க ஓடிடப் போகுதுன்னேன். நீங்க எழுதிக்கங்க, நான் மெதுவாச் சொல்றேன்.